மீட்டர் வைத்த பிறகே ஸ்பேனர்: மன்னார்குடியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காத கார்க்காரர் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. நெல் ஏற்றும் சரக்கு வண்டி முன்னும் பின்னும் நகர்ந்து முடிக்கும் வரை எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். சென்ற மார்கழியில் ஒரு மாலை அப்படி அணைத்த என் கார், கேட் திறந்தபோது கிளம்ப மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பியதும், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை முனகியது. மூன்றாம் முறை ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. பின்னால் நின்ற பேருந்திலிருந்து இறங்கி வந்த நான்கு பேர் தள்ளிவிட்ட பிறகே வண்டி உயிர் பெற்றது.

அந்தப் பேட்டரி வாங்கிப் பதினான்கு மாதமே ஆகியிருந்தது. அதற்கு முந்தையது இரண்டரை ஆண்டு கூடத் தாங்கவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்திக் காட்டியபோது, அங்கிருந்தவர் பானட்டைத் திறந்து, பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்து, “செல் போச்சு சார், மாத்திடலாம்” என்று சொன்னார். எந்தக் கருவியையும் அவர் கையில் எடுக்கவில்லை. முந்தைய பேட்டரியையும் இதே வார்த்தையைக் கேட்டுத்தான் மாற்றியிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்ததால், பணப்பையைத் திறக்காமல் ஊர் வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டு டிராக்டர்காரர் கைகாட்டிய இடம்தான் இந்த மதிப்புரைக்கு உரிய பட்டறை.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி செல்லும் சாலையில், தகரக் கொட்டகையும் வேப்பமரமும் சேர்ந்த இடம் அது. ஏற்கெனவே வேலை நெருக்குகிறது என்று சொல்லி உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தச் சாலையில் எந்த டிராக்டர்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார். உள்ளே ஒரு மர மேசை, அதன்மேல் பிரித்துப் போட்ட செல்ஃப் மோட்டார்கள், டப்பா டப்பாவாக மோட்டாருக்கான கார்பன்கள், சுவரில் ஆணியில் தொங்கும் ஒயர் இணைக்கும் கப்ளர்கள். குளிர்பதன அறையும் தேநீர் இயந்திரமும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று.

உரிமையாளர் முதலில் செய்த காரியம் என்னைக் காத்திருக்கச் சொன்னதுதான். ஓடி வந்த வண்டியில் பேட்டரியை அளந்தால் மேலோட்டமான சார்ஜ் பொய் சொல்லும் என்பதால், முன்விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் சும்மா விட்ட பிறகே மீட்டரை வைத்தார். 12.45 வோல்ட் காட்டியது. நிறைவாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு. 12 வோல்ட் என்றால் கால் பங்குதான் மிச்சம். பிறகு ஆறு மூடிகளையும் திறந்து, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் உறிஞ்சிப் பார்த்தார். ஆறிலும் மிதவை 1.230க்கு அருகிலேயே நின்றது. ஏதேனும் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் கீழே நின்றிருந்தால் அந்த அறை, அதாவது செல், கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் பேட்டரி போதிய சார்ஜ் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது என்றுதான் பொருள். “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார், பழிதான் அது மேல விழுந்திருக்கு” என்றார்.

அடுத்துச் செய்த சோதனையை நான் இதற்கு முன் எந்தப் பட்டறையிலும் கண்டதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைத் தூணிலும், மறுமுனையை எஞ்சின் உடலில் துரு இல்லாத ஓர் இடத்திலும் வைத்துக்கொண்டு, என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். இரண்டும் தடித்த ஒயரால் இணைந்தவை என்பதால் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டரோ 1.7 காட்டியது. அந்த நேரத்தில் பேட்டரியின் இரு தூண்களுக்கு இடையில் 10.8 வோல்ட் இருந்தது. நேர்முனை ஒயரில் 0.3 போக, செல்ஃபுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 8.8 வோல்ட். பேட்டரி கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகிக் கரைந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கை அவர் ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேட்டரித் தட்டைக் கழற்றியபோது குற்றவாளி வெளிப்பட்டது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயர், செம்புக் கம்பிகளைப் பின்னிய நாடா போன்றது. வெளிப்பார்வைக்கு அது முழுதாகவே இருந்தது. அவர் அதன் நுனியில் போல்ட் மாட்டும் வளையமான லக்கைக் கட்டைவிரலால் அழுத்தி வளைத்ததும், உள்ளிருந்து பச்சையும் வெள்ளையுமான தூள் கொட்டியது. கம்பிகளில் பாதி, கைபட்ட மாத்திரத்தில் இற்று விழுந்தன. அமிலம் தின்ற செம்பு அது. அமிலம் அங்கே எப்படி வந்தது என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை பேட்டரித் தண்ணீர் ஊற்றும் கடமையில் நான் தவறியதே இல்லை, ஒவ்வொரு முறையும் மூடி வரைக்கும் ததும்ப ஊற்றியிருக்கிறேன். உள்ளே தகடுகளுக்கு மேல் ஒரு விரலளவு, அல்லது பெட்டியில் குறித்திருக்கும் மேல்கோடு வரைதான் நீர் நிற்க வேண்டுமாம். அதற்கு மேல் ஊற்றியது சார்ஜ் ஏறும்போது அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு மூடியின் துளை வழியாக வெளியேறி, தட்டில் இறங்கி, எர்த் ஒயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேட்டரிகளுக்கும் சத்துரு என் அக்கறைதான்.

புதிய எர்த் ஒயர் 350 ரூபாய், கூலி 400 ரூபாய். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட் இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினார். இந்த வரிசை முக்கியம். ஜெல்லியை முதலில் பூசிவிட்டு இறுக்கும் கடைகள் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொட்ட பிறகு காற்றும் ஈரமும் புகாமல் மூடுவதற்குத்தான் ஜெல்லி. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவினார். மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொண்டார், ஏனென்றால் சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொட்டார். நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும், எதிர்முனை ஏற்கெனவே விலகியிருந்தால் பொறி பறக்காது.

வேலை முடிந்ததும் மீண்டும் அளந்தார். எர்த் பக்க இழப்பு 1.7லிருந்து 0.1க்கு வந்திருந்தது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் தூண்களில் முன்பு 10.8 இருந்தது, இப்போது 10.4 ஆகக் குறைந்திருந்தது. சரி செய்த பிறகு குறைகிறதே என்று எனக்குச் சந்தேகம். தடை போனதால் செல்ஃப் இப்போது தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை முழுதாக இழுக்கிறது, அதிகம் கொடுக்கும் பேட்டரி அதிகம் தாழத்தான் செய்யும் என்று விளக்கினார். மடை அடைத்திருக்கும் வரை வாய்க்காலில் தண்ணீர் மட்டம் உயர்ந்து நிற்கும், திறந்துவிட்டால் சற்று இறங்கும் என்று அவர் சொன்ன உவமை எங்கள் ஊர்க்காரனுக்குப் போதுமானது. வெப்பமான நம் ஊரில் செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டுமாம்.

அதே எர்த் ஒயர்தான் பேட்டரியைப் பட்டினியும் போட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டமும் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.3 வோல்ட் உற்பத்தியானாலும், முன்விளக்கும் ஏசியும் ஓடும்போது பேட்டரிக்கு வந்து சேர்ந்தது 13.6 மட்டுமே. மன்னார்குடிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டிக்கு அது போதாது. குறைவாகவே சார்ஜ் ஏறி நின்றுகொண்டிருக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாமல் போய்விடும். முதல் பேட்டரி அப்படித்தான் செத்திருக்கும். இரண்டாவது இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. ஓர் இரவு மெதுவாகச் சார்ஜில் போட்டு வைத்து, காலையில் ஆறு அறைகளிலும் நிறைவான சார்ஜைக் குறிக்கும் 1.270 காட்டிய பிறகே கொடுத்தார். அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது.

இந்த நம்பிக்கையில் தை பிறப்பதற்குள் இரண்டாம் முறை போனேன். வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும் குறை அப்போதும் மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து, எதிர்முனை ஒயருக்கு நடுவில் மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்ததில் 180 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டிய காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பதுதான் இயல்பு. 180 என்றால் நாளொன்றுக்கு நான்கு ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. ஒரு வாரத்தில் முப்பது. என் பேட்டரியின் கொள்ளளவில் அது பெரும்பங்கு. ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி மாட்டிக்கொண்டே வந்தவர், பாட்டுப்பெட்டியின் பியூஸைப் பிடுங்கியதும் 35க்கு இறங்கியதைக் காட்டினார். யாரோ புதிதாகப் பாட்டுப்பெட்டி பொருத்தியபோது சாவியோடு அணைய வேண்டிய ஒயரையும் நேரடி மின்சாரத்தில் முறுக்கிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் 15 ஆம்பியரின் நீல பியூஸுக்குப் பதிலாக 30 ஆம்பியரின் பச்சை பியூஸ் செருகியிருந்தது. பியூஸ் காப்பது பாட்டுப்பெட்டியை அன்று, ஒயரை. பெரிய பியூஸ் போட்டால் பியூஸுக்கு முன்பாக ஒயர் எரியும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று உயர்ந்தது.

முன்விளக்கு விஷயத்தில் நான் கேட்டதை அவர் செய்து தரவில்லை. இரவில் திருத்துறைப்பூண்டி சாலையில் மாடுகள் படுத்திருப்பது தெரிவதில்லை என்பதால் 100/90 வாட் (தூர ஒளி/தாழ்ந்த ஒளி) பல்பு போடச் சொன்னேன். ஒயரிங் 60/55 வாட் பல்புக்கானது, ஹோல்டர் உருகும், எதிரில் வருபவனுக்குக் கண் தெரியாது, சட்டமும் இடம் தராது என்று மறுத்துவிட்டார். பதிலாக, எஞ்சின் ஓடும்போது பல்பின் முனையில் மின்னழுத்தத்தை அளந்தார்: 11.9. விளக்கின் எர்த் முனையைச் சுத்தம் செய்து, சுவிட்சின் சுமையை ரிலே என்ற தனி மின்சுவிட்சுக்கு மாற்றிய பின் 13.2. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். அதே பழைய பல்பில் இப்போது மாட்டின் கொம்பு மட்டுமல்ல, கழுத்துக் கயிறும் தெரிகிறது.

எலித் தொல்லைக்கு அவரிடமும் முழு மருந்து இல்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் வரப்பில் இருந்த எலிகள் வீட்டையும் வண்டியையும் தேடி வருவதால், மாசியில் அவருடைய பட்டறைக்கு வரும் கார்களில் கடிபட்ட ஒயரிங்கோடு வருபவை கணிசமானவை. எஞ்சின் மேல் வைக்கோல் கூடு கட்டியிருந்த ஒரு காரை நானே பார்த்தேன். கடிபட்ட ஒயர்களை முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே நெளிகுழாய் மாட்டித் தருகிறார். வேதாரண்யம் புகையிலைக் காம்பை எஞ்சினருகே கட்டிவைக்கும் பழக்கம் எங்கள் தெருவில் உண்டு. அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பானட்டை வாரத்தில் இருமுறை திறந்து பார்ப்பதே மேல் என்கிறார். சாலையில் உலர்த்தியிருக்கும் வைக்கோல் மேல் ஓட்டிவந்தால் அடியில் சைலன்சர் பக்கம் குனிந்து பார்த்துப் பிடுங்கிப் போடச் சொல்கிறார், சூட்டில் தீப்பற்றிக்கொள்ளும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத நாட்களைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. காரில் கைபேசிகளுக்கு மட்டுமல்லாமல் வீட்டு விளக்குக்கும் ஒயர் இழுத்து, பேட்டரியை அடிவரை வடித்துவிட்டு வந்தவர்கள் அப்போது வரிசையில் நின்றார்களாம். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரும் மின்னோட்டம் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தவை. இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி போல அடிவரை இறங்கி ஏற அவற்றால் முடியாது. வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றியும் அவருக்கு ஒரே விதிதான்: தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பாமல், முதலில் எதிர்முனையைக் கழற்றிவிட்டு அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். தையிலும் மாசியிலும் இங்கே காருக்கு மரியாதை கிடையாது. வெளிமாவட்டங்களிலிருந்து வரும் அறுவடை இயந்திரங்களின் டைனமோவும் செல்ஃபும் மேசையை நிறைத்துவிடும். நெல் சாய்ந்து கிடக்கும்போது இயந்திரம் நிற்கக் கூடாது என்ற அவருடைய நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மூன்று நாள் கார் இல்லாமல் இருந்தவன் நான். தொலைபேசியை எடுப்பதில்லை. அச்சிட்ட ரசீது இல்லை, நாட்காட்டித் தாள்தான். ஆகவே பொருளுக்கு உத்தரவாதம் வேண்டுவோர் பேட்டரி, ஆல்டர்னேட்டர் போன்றவற்றை முகவரிடமே வாங்கி, உத்தரவாத அட்டையில் முத்திரை போட்டுக்கொண்டு இங்கே வருவது நல்லது. காரின் கணினியைப் படித்துக் கோளாறு சொல்லும் ஸ்கேனர் கருவியும் அவரிடம் இல்லை. என் மைத்துனரின் புதிய காரில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, “இது எனக்குத் தெரியாத வேலை, கம்பெனிக்குக் கொண்டு போங்க” என்று கைக்காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அதைக் குறையில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயில், பிரேக் திரவம், கூலன்ட் மாற்றும் வேலைகளை அவர் தொடுவதே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அவற்றுக்கு நான் வழக்கமான சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போகிறேன்.

போவதானால் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது உத்தமம். வண்டி முந்தைய இரவே நின்று ஆறியிருந்தால் அவருக்கு அளவு சரியாக வரும், உங்களுக்குக் காத்திருப்பு குறையும். அமாவாசையன்று பட்டறை இல்லை. பாட்டுப்பெட்டியின் ரகசிய எண் எழுதிய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் அது எண் கேட்கும், என்னுடையதும் கேட்டது. கையேட்டின் பின்னட்டை உறையில் அந்த அட்டை கிடைக்கும் வரை பதினொரு நாள் பாட்டில்லாமல் ஓட்டினேன்.